செங்கல் மேல் நின்ற பெட்டி

மாமா,

இன்று காலை கல் வேர்த்தது.

என் வீட்டு ஜன்னல் கட்டையில் வைத்திருக்கிறேனே, உங்கள் பழைய தரையிலிருந்து பெயர்த்த அந்தக் காங்கிரீட்டுத் துண்டு, அதுதான். பல் விளக்கப் போகும்போது பார்த்தேன். சுற்றிலும் கட்டை காய்ந்து கிடக்கிறது. கல் மட்டும் குளித்துவிட்டுத் தலை துவட்டாமல் வந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். அதே கரிப்பு. வானத்தில் ஒரு மேகம் கிடையாது. ஆனால் இந்தக் கல் சொன்னால் சொன்னதுதான், பொழுது சாய்வதற்குள் மழை. மேரி ஆபீசிலிருந்து பெரிய பெரிய முசியே துரைகள் எல்லாம் என் கல்லைப் பார்த்துவிட்டுத்தான் குடை எடுக்கிறார்கள் என்று டீக்கடையில் சொல்லி வைத்திருக்கிறேன். நீங்கள் இருந்தால் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "மச்சான், பாதியக் கழி" என்பீர்கள். கழித்தால், மேரியில் பியூனாக இருக்கிற பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் "இது இன்னா கல்லு?" என்று கேட்டார். அவ்வளவு மிஞ்சும்.

வந்தால் இந்த ஐப்பசியின் முதல் பெரிய மழை இது. நீங்கள் போன பிறகு வருகிற முதல் மழையும் இதுதான். புரட்டாசியில் காய்ச்சலோடு கட்டிலில் கிடந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டீர்கள்: "மழை வந்துச்சா?"

"இன்னும் இல்ல மாமா."

"வந்தா தரை எப்படி இருக்குன்னு பாத்துட்டு வந்து சொல்லு. உன் கதையெல்லாம் வாணாம். கழிச்சுட்டு சொல்லு."

சரி என்றேன். நீங்கள் மழைக்குக் காத்திருக்கவில்லை. இப்போது யாரிடம் போய்ச் சொல்வது? அதனால்தான் காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் வகுப்போடு பிரஞ்சுக்கும் தமிழுக்கும் ஒரே நாளில் கும்பிடு போட்டவன் நான். வாத்தியார் அழுதாராம். சரி சரி, கழித்துக்கொள்ளுங்கள்.

அக்காவின் பெட்டி இன்னும் உங்கள் வீட்டுக் கூடத்தில் செங்கல் மேல்தான் இருக்கிறது. கட்டிய பெட்டி. கயிறுகூடப் போட்டாகிவிட்டது. இந்த மழைக்குத் தரை அழுதால் தை மாதக் கப்பலில் அவள் மகனிடம் போய்விடுவாள். கல் வேர்த்ததிலிருந்து நாலு தடவை வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டேன். சாப்பாடு இறங்கவில்லை. எழுதினால் கொஞ்சம் பொழுது போகும்.

நீங்கள் சைகோனிலிருந்து வந்து இறங்கியது ஊரில் பிரஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறின அடுத்த வருடம். பிரஞ்சுப் பட்டாளத்துச் சொல்தா வேலையில் இருந்து ஓய்வு வாங்கிக்கொண்டு, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு நீங்கள் முன்னால் வர, பின்னால் அக்கா வந்தாள். பதினேழு வயதில் மஞ்சள் கயிறு காயாமல் கப்பல் ஏறியவள், காதோரம் நரையோடு வந்து நின்றாள். உங்களை வரவேற்கப் பாதி ஊர் வந்திருந்தது. நானும் என் மாமியாரும். பையன் சைகோனிலிருந்தே நேராக மார்சேய்க்குப் போய், அங்கே துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்றீர்கள். "நீங்க போகலியா மாமா?" என்றேன். "இனிமே நான் கப்பல் ஏற மாட்டேன். ஏத்தணும்னா சாக்குல கட்டித்தான் ஏத்தணும்" என்றீர்கள்.

வீடு பார்த்துக் கொடுத்தது நான்தான். அதை இன்றைக்கும் சொல்லிக்கொள்வேன், கெட்டதிலும் என் பங்கு பெரியதாகத்தான் இருக்கும். குருசுக்குப்பத்துக்குள் நுழைகிற தெருவில், கடல் காற்று நேராக வந்து கதவைத் தட்டுகிற வீடு. விற்றவர் "மல்லாட்டை மண்டியா இருந்த எடம், கட்டடம் யானை மாதிரி" என்றார். வேர்க்கடலை மூட்டை அடுக்கின தரையைக் காட்டினார். வேறு வீடுகளில் செங்கல்லும் சுண்ணாம்பும் இருந்த காலத்தில் அங்கே வழவழவென்று காங்கிரீட்டு. சீமையிலிருந்து வந்த சிமெண்டு என்றார். சித்திரை வெயில். தரை பளபளத்தது. அதில் முகம் பார்த்து மீசை முறுக்கிக்கொண்டேன். நீங்கள் பூட்ஸ் குதிகாலால் ஓங்கி ஒரு உதை விட்டு, "பட்டாளத்துத் தரை" என்று தலையாட்டினீர்கள். அதோடு வீடு முடிந்தது.

அக்கா வாசற்படி தாண்டியதும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். மூக்கை உறிஞ்சினாள்.

"ஏங்க, தரை நாறுது."

"இன்னா நாத்தம்?"

"கருவாட்டு நாத்தம்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அக்கா, வெளிய பாரு. கயித்துக்குக் கயிறு கருவாடு தொங்குது. குப்பத்துல கருவாடு நாறாம முல்லைப்பூவா மணக்கும்?"

"தெரு நாத்தம் வேறடா. இது கீழேருந்து வருது."

"சைகோன் போயிட்டு வந்த மூக்கு இல்ல, அப்படித்தான் இருக்கும். ரெண்டு மாசத்துல நம்ம மூக்கு திரும்பி வந்துரும்."

நீங்களும் சிரித்தீர்கள் மாமா. நாம் இரண்டு பேரும் கருவாட்டுக் காற்றிலேயே பிறந்தவர்கள். வீராம்பட்டினம் திருவிழாவுக்குப் போனாலும் அந்த வாசனை கூடவே வரும், திரும்பி வந்தாலும் கூடவே வரும். இருப்பதே தெரியாது. நீங்கள் அத்தனை வருடம் பட்டாளத்தில் இருந்தும் உங்கள் மூக்கு ஊர் மூக்காகவே இருந்துவிட்டது. அவளுடையது மட்டும் மாறிவிட்டது. மாறின மூக்கை யார் நம்புவார்கள்?

அந்த ஐப்பசியில் தரை அழ ஆரம்பித்தது.

அழுதது என்றுதான் அக்கா சொல்வாள். கூரை ஒழுகவில்லை, வாசல் வழியாக வெள்ளமும் வரவில்லை. மழை பிடித்து காற்று கனத்ததும் தரையில் முதலில் ஒரு கருமை பரவும், பிறகு பொட்டுப் பொட்டாகத் தண்ணீர் நிற்கும். துடைத்தால் கொஞ்ச நேரத்தில் மறுபடி. பாயை எடுத்தால் அடியில் பாயின் வரிவரியாக ஈரம். அரிசி மூட்டை அடி பூத்துப் போனது. உங்கள் பட்டாளத்துச் சட்டைகளில் பச்சைப் பாசி. அக்காவுக்கு முழங்கால் மடங்கவில்லை, மூச்சில் விசில் சத்தம். நீங்கள் செங்கல் வாங்கி வந்து கட்டில் காலுக்கு நாலு, பெட்டிக்கு நாலு, அரிசி டின்னுக்கு மூன்று என்று முட்டுக் கொடுத்தீர்கள். அடுத்த வருடத்துக்குள் வீட்டில் எதுவும் தரையைத் தொடவில்லை. அம்மிக்கல் தவிர. வீடே குட்டிக் கால் முளைத்து நின்றது. அக்கா மட்டும் வெறுங்காலோடு அந்த ஈரத்தில் துணியை வைத்துக்கொண்டு குனிந்து குனிந்து துடைத்தாள்.

தெருவே வந்து யோசனை சொன்னது. கடல் பக்கம், அமாவாசைக்குக் கடல் மண்ணுக்கு அடியில் உள்ளே வருகிறது என்றார்கள். நான் ஒரு படி மேலே போனேன். தரையில் காதை வைத்துப் படுத்து, அலைச் சத்தம் கேட்கிறது என்று சத்தியம் செய்தேன். சத்தியமாகக் கேட்டது மாமா. நீங்கள் கூடக் காதை வைத்துப் பார்த்தீர்கள். எழுந்து, "பாதியக் கழிச்சா உன் காதுக்குள்ள இருக்கற இரைச்சல்தான்" என்றீர்கள். ஆனாலும் கடல் வருகிறது என்பதை நாம் நம்பினோம். கீழே இருந்து வருவதை அடைத்துவிட்டால் போதும் என்றீர்கள்.

முதலில் தார். ரோடு போடுகிற இடத்திலிருந்து பீப்பாய் வாங்கி, அதை நான் ஒண்டியாளாகத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தேன். கழித்தால், வண்டியில் ஏற்றும்போது ஒரு பக்கம் கை கொடுத்தேன். கொல்லையில் அடுப்பு மூட்டிக் காய்ச்சினோம். தென்னந்துடைப்பத்தால் சூடாக இழுத்தோம், மேலே மணல் தூவினோம். நீங்கள் பட்டாளத்து மாதிரி "ஆன், தே" என்று பிரஞ்சில் எண்ணிக்கொண்டே துடைப்பம் போட்டீர்கள். நான் என் கால்சட்டையை அந்தத் தரையிலேயே பாதி விட்டுவிட்டு எழுந்தேன். அக்கா சமையல்கட்டு வாசலில் நின்று வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சிரித்தாள். அந்த வீட்டில் அவள் அப்படிச் சிரித்ததாக எனக்கு ஞாபகம் இருப்பது அந்த ஒரு தடவைதான்.

வெயிலில் தார் இளகிப் பாதத்தில் ஒட்டியது. மழையில் அப்பளம் மாதிரி உப்பிக் கிளம்பி, தகடு தகடாகப் பெயர்ந்தது. அடியில் பார்த்தால் காங்கிரீட்டு எப்போதும் போல வேர்த்துக்கொண்டிருந்தது. அக்கா கையில் ஒரு தகட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஒரு கறுப்புச் சட்டை தெச்சீங்க, அவ்வளவுதான்" என்றாள்.

பிறகு வீட்டைச் சுற்றிப் பள்ளம் தோண்டி ஜல்லி கொட்டினோம், கடலை வழி மறிக்க. அந்தப் பள்ளத்தில் தவளை வந்தது. தரையும் அழுதது. அதற்குப் பிறகு நீங்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டீர்கள். மழை நாளில் நான் வந்தால், முக்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, அக்கா துடைப்பதையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். துணியை வாங்கப் போனால் கொடுக்க மாட்டாள். "நீங்க உக்காருங்க. இத பாத்துக்கத்தான் என்ன கூட்டிட்டு வந்தீங்க" என்பாள். அது அடிக்கிற மாதிரி விழும். உங்கள் முகம் சுருங்குவதை நான் பார்க்காத மாதிரி இருப்பேன்.

போன வருட மழையில் அவள் வழுக்கி விழுந்து மணிக்கட்டு பிசகிற்று. கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தவள் உட்காரக்கூட இல்லை, நின்றபடியே சொன்னாள்.

"இதான் கடைசி. அடுத்த மழைக்கும் இந்தத் தரை அழுதா நான் பையன்கிட்டப் போறேன். வரச்சொல்லி எத்தன தடவ எழுதிட்டான். நீங்க வந்தா வாங்க."

நீங்கள் முக்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டீர்கள்.

"வரலன்னா தம்பி பாத்துப்பான்" என்று என்னைக் காட்டினாள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அன்றே பெட்டியைத் திறந்து, இருந்ததை எல்லாம் கொட்டி, அடுக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் நீங்களும் நானும் கடற்கரையில் போய் உட்கார்ந்தோம். ஊரெல்லாம் அப்போது அதே பேச்சு, பிரஞ்சுக் குடியாகவா இந்தியக் குடியாகவா, போவதா இருப்பதா, எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவது என்று. "நீங்களும் போயிடுங்க மாமா. வயசான காலத்துல பிரிஞ்சி இருக்கலாமா?" என்றேன். நீங்கள் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்: "அடுத்தவன் ஊர்ல நின்னுகிட்டு இருவது வருசம் கொடிக்கு சல்யூட் அடிச்சேன் மச்சான். தெனம் ராத்திரி இந்த ஊர நெனச்சுகிட்டுப் படுப்பேன். இங்க ஒரு வீடு, நல்ல தரை, அதுல வெறும் ஒடம்போட மல்லாந்து படுக்கணும், அவ்வளவுதான். அவகிட்ட அதச் சொல்லித்தான் கூட்டிட்டு வந்தேன்." ஒரு பிடி மணலை அள்ளி விட்டுக்கொண்டே, "அவ போயிட்டா இது வீடா?" என்றீர்கள். இரண்டு பக்கமும் இழுபட்டு நீங்கள் கிழிந்துகொண்டிருந்தது எனக்கு அன்றுதான் புரிந்தது. எதையாவது பெரிதாகச் சொல்லி உங்களைத் தேற்ற வாய் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. எனக்கே ஒன்றும் வரவில்லை, மாமா.

இந்தக் கோடையில் அந்தக் கூழ்.

நல்ல வெயில். தரை முழுக்கக் காய்ந்து, மூலைகளில் வெள்ளையாகப் பூத்திருந்தது. அக்கா இரண்டு சொம்பில் கேழ்வரகுக் கூழ் கரைத்து, வெங்காயம் கடிக்கக் கொடுத்தாள்.

"உப்பு போதுமா?"

"சரியா இருக்கு" என்றீர்கள்.

"சரியாவா? அமிர்தம்!" என்றேன். "லேசா ஒரு கருவாட்டு வாசம் வருது பாரு, அதான் பதம். இன்னா கருவாடுக்கா, நெத்திலியா?"

"தரைக் கருவாடு" என்றாள்.

உள்ளே போய் ஒரு கொட்டாங்கச்சியைக் கொண்டுவந்து நம் நடுவில் வைத்தாள். நிறைய வெள்ளைப் பொடி. பக்கத்தில் அவள் சுரண்டின தோசைத் திருப்பி.

"மூலைல கெடந்தது. ரெண்டு பேரும் உப்பு சரியா இருக்குன்னு சொல்லிட்டீங்க. இப்ப சொல்லுங்க, என் மூக்கு சைகோன் மூக்கா?"

நான் வாசலுக்கு ஓடினேன். நீங்கள் துப்பவில்லை. சொம்பை மெதுவாகக் கீழே வைத்தீர்கள். முட்டி போட்டு, விரலை நனைத்து, தரையைத் தொட்டு நாக்கில் வைத்தீர்கள். இன்னொரு இடம். இன்னொரு இடம். கூடம் முழுக்க அப்படியே தவழ்ந்து போனீர்கள். பிறகு அக்காவை நிமிர்ந்து பார்த்தீர்கள்.

"நீ மொத நாளே சொன்ன."

"சொன்னேன்" என்றாள். சொம்புகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை.

எதிர்வீட்டு அம்மா, பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறவர், அவரைக் கூப்பிட்டுக் கேட்டோம். இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "தெரியாதா உங்களுக்கு? முன்கட்டுலதான் மல்லாட்டை. உள்ளாரப் பூரா தொட்டி கட்டி மீனுக்கு உப்பு போட்டாங்க. எங்க அப்பா காலத்துல இருந்து. உப்புத் தண்ணி ஆறா ஓடும்."

"ஏம்மா இத்தன வருசம் சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லியே சாமி. மீனு போட்ட எடம்னா அதுல இன்னா கொறச்ச?"

அவர் சொன்னது நியாயம்தான். நம் ஆட்களுக்கு அது குறையே இல்லை. கடல் ஒன்றும் மண்ணுக்கு அடியில் நடந்து வரவில்லை. வருடக்கணக்காக உப்பைக் குடித்துக் குடித்து அந்தக் காங்கிரீட்டே ஒரு பெரிய உப்புக்கட்டி ஆகியிருந்தது. மழைக் காற்றில் ஈரம் வந்தால் போதும், தானே உறிஞ்சித் தானே வேர்க்கும். நாம் மேலே தார் பூசினோம், பக்கத்தில் பள்ளம் வெட்டினோம். சங்கதி தரைக்குள்ளேயே இருந்தது.

மறுவாரமே கடப்பாரை விழுந்தது. கொத்தனார் ஒருவர், இரண்டு ஆள், நீங்கள், நான். நான் மூன்று ஆளுக்குச் சமம் என்று அவரே ஒப்புக்கொண்டார். சாப்பாட்டு நேரத்தில். தரையைத் துண்டு துண்டாகப் பெயர்த்து வண்டியில் ஏற்றினோம். அடியில் இருந்த மண்ணும் கரித்தது. எவ்வளவு ஆழம் தோண்டுவது என்று கொத்தனார் கேட்டார். நீங்கள் பள்ளத்துக்குள் இறங்கி ஒரு சிட்டிகை மண்ணை நாக்கில் வைத்து, "கரிக்குது, தோண்டு" என்றீர்கள். அடுத்த நாளும் அதே. "கரிக்குது, தோண்டு." பின்னாளில் தெருவில் உங்களுக்கு அதுவே பேராயிற்று. ஒருநாள் நாக்கில் வைத்துக்கொண்டு சும்மா நின்றீர்கள். எல்லோரும் உங்கள் வாயையே பார்த்தோம். "இது மண்ணு" என்றீர்கள். பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த அக்கா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

கூப்பிடு தூரத்தில் கடல் மணல் மலையாகக் கிடக்க, அதில் ஒரு கூடைகூட வேண்டாம் என்று சொல்லி, வண்டி கட்டி ஆற்று மணல் கொண்டுவந்தீர்கள். கிணற்றுத் தண்ணீர் லேசாகக் கரிக்கும் என்று அதையும் விலக்கி, தெருக்குழாயில் வரிசை நின்று குடம் குடமாக எடுத்தீர்கள். பெண்கள் எல்லாம் "சொல்தா ஐயா, நீங்க முன்னாடி புடிச்சிக்குங்க" என்று வழிவிட்டார்கள். மணல், அதன் மேல் செங்கல் ஜல்லி போட்டுத் திமிசுக் கட்டையால் இடித்து, அதன் மேல் தாரில் முக்கின சாக்கை ஒன்றன்மேல் ஒன்று ஏறினாற்போல் விரித்தோம். சாக்கு யோசனை என்னுடையது. இதில் கழிக்க வேண்டாம், கொத்தனாரும் சொன்னார் என்றாலும் நான் முதலில் சொன்னேன். சுவரின் பூச்சையும் முழங்கால் உயரத்துக்குச் சுரண்டி எடுத்தோம், அதுவும் உப்புக் குடித்திருந்தது. கடைசியாகப் புதுக் காங்கிரீட்டு.

மாமா, அந்த நாட்களில் ஒரு பக்கம் நீங்கள் தரை போட்டுக்கொண்டிருந்தீர்கள், இன்னொரு பக்கம் அக்கா பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். காகிதத்துக்காக ஆபீசுக்கு நடையாய் நடந்தாள். நீங்கள் ஒரு தடவை கூட "போகாதே" என்று சொல்லவில்லை. அவளும் "வேலையை நிறுத்துங்க" என்று சொல்லவில்லை. மதியத்தில் அவள் சோறு கொண்டுவந்து வைப்பாள், நீங்கள் சிமெண்டுக் கையோடு கழுவப் போவீர்கள். இருமல் உங்களுக்கு அப்போதே இருந்தது. "கொஞ்சம் ஒக்காருங்க" என்றால், "ஐப்பசி வந்துரும்" என்பீர்கள்.

தரை போட்டு முடித்ததும் கொத்தனார் களிமண்ணால் வரப்புக் கட்டித் தண்ணீர் நிறுத்தச் சொன்னார், இறுக வேண்டும் என்று. கூடம் முழுக்கத் தண்ணீர் தளதளவென்று நின்றது. அக்கா பின்பக்கமாக வந்து அதைப் பார்த்தாள்.

"இத்தன வருசமா நான் தொடச்சித் தொடச்சி ஊத்துன தண்ணிய, இப்ப நீங்களே கொண்டாந்து கொட்டி வச்சிருக்கீங்க" என்றாள்.

சொல்லும்போது சிரிப்புத்தான். பாதியில் அது அழுகையாகிவிட்டது. நீங்கள் வரப்புக்கு அந்தப் பக்கம் நின்றீர்கள், அவள் இந்தப் பக்கம். நடுவில் தண்ணீர். தாண்டி வர முடியாது, கால் வைத்தால் தரை கெட்டுவிடும். "வத்திரும்" என்றீர்கள். "வத்திரும், அழாத." நான் கொல்லைப் பக்கம் போய்விட்டேன்.

தண்ணீர் வற்றியது. தரை காய்ந்தது. பெயர்த்த கற்களில் ஒன்றை எடுத்து என்னிடம் கொடுத்து, "மழைய முன்னாடியே சொல்லும், வச்சுக்க. நீ சொல்றத விட நம்பலாம்" என்றீர்கள். அதன் பிறகுதான் காய்ச்சல். உங்களைக் கூடத்தில் கிடத்தியபோது அந்தத் தரையில்தான் கிடத்தினோம். நீங்கள் ஆசைப்பட்ட மாதிரி மல்லாந்து. அதைப் பற்றி எனக்கு இன்னும் எதுவும் எழுதத் தெரியவில்லை.

காரியம் முடிந்து மகனும் கடிதம் போட்டுவிட்டான், அம்மா தைக்கு வந்துவிடட்டும் என்று. அக்கா பெட்டிக்குக் கயிறு போட்டாள். "பழைய வாக்கு பழைய வாக்குதான். மழை வரட்டும்" என்றாள். கூடம் முழுக்கச் செங்கல் மேலேயே எல்லாம் நிற்கிறது, புதுத் தரையை நம்பாமல்.

இதோ, எழுதும்போதே இருட்டிக்கொண்டு வருகிறது. ஓட்டின் மேல் முதல் சொட்டு. கல் தோற்கவில்லை மாமா. நான் இந்தக் காகிதத்தை மடித்து வைக்கிறேன்.

மறுபடி எடுத்து எழுதுகிறேன். இப்போது விடிந்து வெகு நேரம் ஆகிறது. விடாமல் கொட்டித் தீர்த்தது. தெருவில் முழங்கால் தண்ணீர். கழித்தால் கணுக்கால். விடிந்ததும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினேன். 

கதவு திறந்திருந்தது. அக்கா கட்டிலில் இல்லை. கூடத்தில், தரையில் படுத்திருந்தாள். பாய் இல்லை. பழைய புடவை ஒன்றைக்கூட விரித்துக்கொள்ளவில்லை. ஒரு கணம் எனக்கு உயிர் போய் வந்தது. சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தாள். அவள் கன்னத்தில் சிமெண்டின் பொடிப் பொடி அச்சு.

நான் குனிந்து உள்ளங்கையை வைத்தேன். மூலையில் வைத்தேன். கட்டிலுக்கு அடியில் நுழைந்து வைத்தேன். நாக்கையும் வைத்துப் பார்த்தேன்.

"அக்கா! பாலைவனம்! ஒட்டகம் கட்டலாம்! ராசா அரமணைலகூட இப்படி ஒரு தரை..."

"பாதியக் கழிச்சுட்டு சொல்லுடா" என்றாள் அக்கா.

உங்கள் குரலே வந்து விழுந்த மாதிரி இருந்தது. நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"காஞ்சிருக்குக்கா" என்றேன்.

அவள் எழுந்து சுவரில் சாய்ந்துகொண்டாள். வெளியே மழையைப் பார்த்தாள். அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து, மழை பெய்யும்போது கையில் துணி இல்லாமல் அவள் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாத மாதிரி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.  பிறகு, என்னைப் பார்க்காமலே சொன்னாள்:

"அந்தச் செங்கல எடுத்துட்டு, பெட்டியக் கீழ வை."

"கப்பலு?" என்றேன்.

"வைடா."

பெட்டி கனமாகத்தான் இருந்தது. நான் ஒண்டியாளாகத் தூக்கினேன். ஒரு பக்கம் அவள் பிடித்தாள். நாலு செங்கல்லையும் உருவிக் கொல்லையில் போட்டேன். அதன் அடி தரையில் உட்கார்ந்தபோது ஒரு சின்னச் சத்தம், தகரம் சிமெண்டில் படுகிற சத்தம். அக்கா கயிற்றை அவிழ்த்தாள். உள்ளே மேலாக இருந்தது உங்கள் பட்டாளத்துச் சட்டை. அவள் அதை எடுத்துக்கொண்டு போகத்தான் இருந்திருக்கிறாள்.

நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். கல் இன்னும் வேர்த்துக்கொண்டுதான் இருக்கிறது, என் முன்னால். தூக்கிப் போட மனம் வரவில்லை. இனி எந்த வீட்டுக்குள் போனாலும் பேச்சுக்கு முன்னால் குனிந்து தரையில் உள்ளங்கையை வைப்பேன் என்று நினைக்கிறேன். திரும்பி வரும் வழியில் டீக்கடையிலேயே வைத்துவிட்டேன், எல்லோரும் சிரித்தார்கள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: மழை வந்தது மாமா. தரை காய்ந்திருக்கிறது. அக்கா இருக்கிறாள்.

கழித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.